துளி இரத்தத்திற் கண்ட பகைவன்

ஒரு நாட்டை அழிக்க வந்த பகைவரைப் பற்றிப் பேசும்போது, வாளேந்தி வந்தோரையும் கப்பலேறி வந்தோரையுமே வரலாற்று நூல்கள் மிகுதியாக எடுத்துரைக்கின்றன. நமது திருகோணமலையின் வரலாறும் அவ்வாறே எழுதப்பட்டுள்ளது. போர்த்துக்கேயர் வந்தனர், ஒல்லாந்தர் வந்தனர், 1782-ஆம் ஆண்டிலே பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சவ்ரன் இத்துறைமுகத்தைக் கைப்பற்றினார், 1795-இல் ஆங்கிலேயர் வந்து அமர்ந்தனர், 1942 ஏப்ரல் 9-ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. இவையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்திகள். ஆயின், இவர்கள் அனைவரும் ஒருங்கே அஞ்சிய பகைவன் ஒருவன் இந்நிலத்திலே முன்னரே குடியிருந்தான். அவனுக்குக் கொடியில்லை, கோட்டையில்லை, பீரங்கியில்லை. அவன் பெயர் மலேரியா. அவன் ஒளிந்திருந்த இடமோ மனிதனுடைய இரத்தம்.

கண்ணுக்குத் தோன்றாத அப்பகைவனை ஒரு துளி இரத்தத்திலே கண்டுபிடித்த வரலாற்றையும், அவ்வாறு கண்டுபிடிக்கும் கலையை நமது தீவு கைக்கொண்டும் கைவிட்டும் மீண்டும் கைக்கொண்டும் பெற்ற பாடத்தையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொட்டியாரத்துக் கைதி

1660-ஆம் ஆண்டிலே, புயலாற் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலொன்று செப்பனிடப்படுவதற்காகக் கொட்டியாரக் குடாவில் நங்கூரம் பாய்ச்சி நின்றது. அதன் தலைவரும் அவர் மகன் றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞரும் வேறு சிலரும் கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு மலைநாட்டு இராச்சியத்துள் கொண்டு செல்லப்பட்டனர். தந்தையும் மகனும் குளிர்காய்ச்சலால் வருந்தினர். 1661-ஆம் ஆண்டின் தொடக்கத்திலே தந்தை இறந்தார். மகனைக் காய்ச்சல் பல மாதங்கள் விடாது வருத்தியது. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் தப்பியோடி, 1681-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல் இன்றும் இலங்கை வரலாற்றுக்கு ஒரு முதன்மைச் சான்றாக உள்ளது.

அந்தத் தந்தையின் உயிரைக் கொண்டது மலேரியாதானா? பெரும்பாலும் ஆம் என்று கருத இடமுண்டு. குளிரும் நடுக்கமும் முறை வைத்து வந்ததை நோக்க, வேறொன்றாக இருத்தல் அரிது. ஆயின் உறுதியாகச் சொல்ல எவராலும் இயலாது. ஏனெனில், அவருடைய இரத்தத்தை எவரும் பார்க்கவில்லை. பார்க்கும் அறிவு அன்று உலகில் எவரிடத்தும் இருக்கவில்லை. பழங்காலத்து நோய்களின் வரலாறு முழுவதையும் இந்த ஐயம் மூடிக்கொண்டு நிற்கிறது. அனுராதபுரமும் பொலனறுவையும் காடாய்ப் போனமைக்கு மலேரியாவே காரணம் என்று 1921-இல் லூசியஸ் நிக்கல்ஸ் என்னும் வைத்திய அறிஞர் எழுதினார். குளங்கள் உடைந்தமையும் படையெடுப்புகளுமே முதற் காரணம், நோய் பின்னர் வந்து புகுந்தது என்று கூறுவோரும் உளர். இரு சாராருக்கும் இரத்தச் சான்று இல்லை.

நம் முன்னோர் இந்நோயை அறியாதவரல்லர். ஒன்றுவிட்டு ஒரு நாள் வருகின்ற சுரத்தையும், இரு நாள் விட்டு வருகின்ற சுரத்தையும் சரகரும் சுசுருதரும் பெயர் பெயராகப் பிரித்து வைத்தனர். தமிழ் மக்கள் அதனை முறைக்காய்ச்சல் என்றனர். நாளெண்ணிக் காய்ச்சலை அறிந்த அந்நுட்பம் போற்றத்தக்கதே. ஆயினும், எண்ணிக்கை காய்ச்சலின் நடையைத்தான் காட்டிற்று. நடந்தவன் யாரென்று காட்டவில்லை. மேனாட்டாரும் அன்று இதனின் மிகுதியாக ஒன்றும் அறிந்திலர். சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே இந்நோயைத் தருகிறது என அவர்கள் நம்பினர். மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்பதுதான் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்துறைமுகத்துக்கு அனுப்பப்பட்ட ஆங்கிலப் படைவீரர் காய்ச்சலால் மடிந்தபோதும், இராணுவ வைத்தியர்கள் காற்றையும் மண்ணையும் வெப்பத்தையுமே ஆராய்ந்து கொண்டிருந்தனர்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே 1848 முதல் வைத்தியப் பணி புரிந்த சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மிஷன் வைத்தியரை இங்கு நினையாதிருத்தல் தகாது. மேனாட்டு வைத்தியத்தைத் தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே கற்பித்தவர் அவர். உடற்கூறு, இரண வைத்தியம், இரசாயனம் ஆகியவை பற்றிய பெரு நூல்களைத் தம் மாணவர் துணைகொண்டு தமிழாக்கியவரும் அவரே. சமயத்தால் அவர் வேறாயினும், அறிவைத் தாய்மொழியிலே தரவேண்டும் என்ற அவர் கொள்கை தமிழர் எல்லார்க்கும் உரியது. அவர் இலங்கையை விட்டுச் சென்றது 1873-இல். முறைக்காய்ச்சலின் காரணம் கண்டறியப்பட்டதோ அதற்கு ஏழு ஆண்டுகளின் பின். எனவே, அப்பெருமகனாரின் கைக்கும் எட்டாத அறிவாகவே அது இருந்தது.

நுணுக்குக்காட்டியின் வருகை

இரத்தத்தின் உள்ளே உருண்டை வடிவான சிறு கலங்கள் மிதக்கின்றன என்பதைத் தெளிவாக எழுதி வைத்தவர் ஒல்லாந்து தேசத்துத் துணி வணிகர் ஒருவர். டெல்வ்ற் நகரத்து லீவன்கூக் என்பது அவர் பெயர். பல்கலைக்கழகம் சென்றவரல்லர். துணியின் நூலை எண்ணுதற்கு வணிகர்கள் பயன்படுத்திய வில்லையை விஞ்சும் வில்லைகளைத் தாமே தேய்த்து உண்டாக்கி, 1674-இல் செங்குழியங்களை அளந்து விவரித்தார். அதன் பின் இரு நூறு ஆண்டுகள் கழிந்தன. 1858-இல் ஜெர்மானிய அறிஞர் வேர்க்கோ, நோய் என்பது உடலின் கலங்களிலே நிகழும் மாற்றம் என்ற கொள்கையை நிலைநாட்டினார். உடம்பின் நீர்மங்களிலே மிதக்கும் கலங்களைப் பார்த்து நோயை அறியலாம் என்னும் நம்பிக்கைக்கு அது அடிப்படையாயிற்று.

1880 நவம்பர் 6-ஆம் நாள், அல்ஜீரியாவிலே கொன்ஸ்தாந்தீன் நகரத்து இராணுவ வைத்தியசாலையில், லவரான் என்னும் பிரெஞ்சு வைத்தியர் காய்ச்சலுற்ற போர்வீரன் ஒருவனின் இரத்தத் துளியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கினார். கருநிறப் பொடி தங்கிய உருண்டை ஒன்றிலிருந்து நூல் போன்ற இழைகள் கிளம்பி, உயிருடன் துடிப்பதைக் கண்டார். காற்று அன்று; மண் அன்று; உயிருள்ள ஒட்டுண்ணியே நோய்க்குக் காரணம் என அறிவித்தார். அறிஞர் உலகம் உடனே நம்பிவிடவில்லை. 1907-இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

வெறும் கண்ணாடியின் கீழ் நிறமற்றுக் கிடக்கும் ஒட்டுண்ணியைக் காண்பதற்குப் பெரும் பயிற்சி வேண்டும். அதனை எளிதாக்கியவை சாயங்கள். 1891-இல் உருசிய அறிஞர் றொமனோவ்ஸ்கி, நீலச் சாயத்தையும் செஞ்சாயத்தையும் கலந்தால் ஒட்டுண்ணியின் கரு செந்நிறமாகவும் உடல் நீலமாகவும் தோன்றும் என்று காட்டினார். ஹம்பேர்க் நகரத்துக் கீம்சா 1904-இல் அச்சாயத்தைச் செம்மைப்படுத்தினார். இன்றும் ஆய்வுகூடங்களில் அவர் பெயராலேயே அச்சாயம் வழங்குகிறது.

நோயை மனிதனிடம் கொண்டு வருபவர் யார் என்ற வினாவுக்கு விடை பாரத நாட்டிலே பிறந்தது. அல்மோராவிற் பிறந்து, சென்னை மாகாண வைத்தியப் பணியிற் சேர்ந்த றொனால்ட் றொஸ், செக்கந்தராபாத்திலே நோயாளி ஒருவரை நுளம்புகள் கடிக்கும்படி செய்து, கடித்த நுளம்பு ஒவ்வொன்றுக்கும் ஓரணா வீதம் கூலி கொடுத்தார். அந்நுளம்புகளைக் கீறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். வியர்வையாற் கருவியின் திருகாணிகள் துருப்பிடித்தன, கண்வில்லை வெடித்தது. 1897 ஆகஸ்ட் 20-ஆம் நாள், அனோபிலிஸ் இன நுளம்பொன்றின் இரைப்பைச் சுவரில் அதே கருநிறப் பொடியைக் கண்டார். மனித இரத்தத்தில் லவரான் கண்டதும் நுளம்பின் வயிற்றில் றொஸ் கண்டதும் ஒன்றே. மறு ஆண்டு கல்கத்தாவிலே பறவைகளை வைத்து நுளம்பின் வழியை முற்றக் கண்டறிந்த அவர், 1902-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஒரு துளி பேசும் விதம்

விரல் நுனியில் ஊசியாற் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்த அனுபவம் நம் ஊர்ப் பெரியோர் பலர்க்கு உண்டு. அத்துளி எங்கே போயிற்று, என்ன ஆயிற்று என்பதைச் சிறிது விளக்குவோம்.

கண்ணாடித் தகட்டிலே இரு விதமாக இரத்தம் தடவப்படும். ஒன்று தடித்த பூச்சு. மற்றது மெல்லிய பூச்சு. தடித்த பூச்சிலே சாய நீர் பட்டவுடன் செங்குழியங்கள் கரைந்துபோக, ஒட்டுண்ணிகளும் வெண்குழியங்களும் மட்டும் எஞ்சி நிற்கும். எனவே மிகுந்த இரத்தத்தைச் சிறிய இடத்திலே தேட முடிகிறது. நோய் உண்டா இல்லையா என்பதை இது கூறும். மெல்லிய பூச்சோ மெதனோல் என்னும் மதுசாரத்தால் நிலைப்படுத்தப்படுவதால் குழியங்கள் உருக்குலையாமல் இருக்கும். ஒட்டுண்ணி எவ்வினத்தது என்பதை இது கூறும். வைவாக்ஸ் என்னும் இனம் புகுந்த செங்குழியம் பருத்து, மேலெல்லாம் சிறு புள்ளிகளுடன் தோன்றும். உயிர் குடிக்கும் பல்சிப்பாரம் என்னும் இனத்தின் முதிர்ந்த வடிவம் வாழைக்காய் போல வளைந்திருக்கும். இவ்வேறுபாடு கண்ணுக்கு விருந்தாக மட்டும் அமைவதன்று. வைவாக்ஸ் இனம் ஈரலிலே உறங்கிக் கிடந்து பல மாதங்களின் பின் மீண்டெழும் இயல்புடையது. ஆதலால் அதற்கு வேறு மருந்தும் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும். இனம் அறியாது மருந்து கொடுப்பவன் பகைவனை வீட்டினுள்ளே வைத்துக் கதவடைப்பவனாவான்.

ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்திலே ஏறக்குறைய 50 இலட்சம் செங்குழியங்கள் உண்டு. அவற்றிடையே 50 ஒட்டுண்ணிகள் இருந்தாலும் தேர்ந்த பரிசோதகர் கண்டுபிடித்துவிடுவார். அதாவது, இலட்சத்தில் ஒன்றை! ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் வில்லையின் கீழ், குறைந்தது நூறு காட்சிப் புலங்களைப் பார்த்த பின்னரே நோயில்லை என எழுத வேண்டும் என்பது விதி. தொண்ணூற்றொன்பது புலம் பார்த்துக் களைத்தவன் நூறாவதைப் பாராது விட்டால், ஒரு கிராமத்துக்கே தீங்கு நேரலாம். பொறுமையும் மனச்சான்றும் இத்தொழிலின் இரு கண்கள்.

பேரழிவு தந்த ஆண்டு

இலங்கையில் நோய் பரப்பும் முதன்மை நுளம்பு அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்பதைக் காட்டர் முதலிய ஆராய்ச்சியாளர் 1920-களில் நிறுவினர். இந்நுளம்பு சாக்கடையில் வளர்வதன்று. ஆற்று மணலிலே வெயில் படும்படி தேங்கிய தெளிந்த குட்டைகளே அதன் தொட்டில். ஆகையால் ஆறு பெருகி ஓடும்போது நுளம்பு குறையும். ஆறு வற்றிக் குட்டையாகும்போது பெருகும். உலர் வலயத்திலே இது ஆண்டுதோறும் நிகழ்வது. நம் பகுதி மக்கள் இளமை முதலே இந்நோயிற் பட்டுப் பட்டு, ஓரளவு எதிர்க்கும் ஆற்றலும் பெற்றிருந்தனர்; அதற்கு விலையாகக் குழந்தைகளை இழந்தும் வந்தனர்.

1934-இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. என்றும் வற்றாத களனி கங்கையும் மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் குட்டை குட்டையாயின. மலேரியாவை அதிகம் கண்டிராத ஈர வலயத்து மக்களிடையே நோய் காட்டுத் தீயெனப் பரவியது. கேகாலை, குருநாகல் மாவட்டங்களிலே வீடுதோறும் அழுகுரல் எழுந்தது. 1935-ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரையில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர் என்பர். நோயுற்றோர் தொகை 15 இலட்சத்துக்கும் மேல். அன்று இத்தீவின் மக்கட்டொகையே ஏறக்குறைய 55 இலட்சம்! உணவின்றி மெலிந்த ஏழை மக்களையும் சிறு குழந்தைகளையும் நோய் முதலில் வாரிக்கொண்டது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கொய்னா மருந்தும் உணவும் சுமந்து கிராமம் கிராமமாகச் சென்று தொண்டாற்றியதை இளைஞர் சங்கங்கள் என்றும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அக்காலத்திலே நோயை அளந்த முறை மண்ணீரலைத் தடவிப் பார்த்தலாகும். பாடசாலைப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, இத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது எனக் கணக்கெடுப்பர். பெருங்கூட்டத்தை விரைவில் அறிய இது நல்ல முறையே. ஆனால் வீங்கிய மண்ணீரல் நேற்றைய நோயைச் சொல்லும். இன்றைய இரத்தம் மட்டுமே இன்றைய நோயைச் சொல்லும். இலட்சக்கணக்கானோர் விழுந்து கிடந்த அவ்வேளையிலே ஒவ்வொருவர் இரத்தத்தையும் பார்த்தல் ஆகாத காரியமாயிற்று. காய்ச்சல் என்றாலே மலேரியா, மலேரியா என்றாலே கொய்னா என்று நடத்த வேண்டியதாயிற்று.

மருந்தடியும் மறதியும்

இரண்டாம் உலகப் போரின் முடிவிலே டி.டி.ரி. என்னும் பூச்சிகொல்லி இலங்கைக்கு வந்தது. வீட்டுச் சுவரிலே அதனைத் தெளித்தால், இரத்தம் குடித்துவிட்டுச் சுவரிலே இளைப்பாறும் நுளம்பு மடியும். 1946 முதல் மருந்தடிப்போர் ஊர் ஊராகச் சென்றனர். 1946-இல் ஆயிரம் பேருக்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம் மறு ஆண்டிலே 14 அளவுக்கு இறங்கியது. இது முழுவதும் மருந்தடியின் பயனா, உணவும் வைத்தியசாலைகளும் பெருகியதன் பயனும் சேர்ந்ததா என அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். எவ்வாறாயினும், காய்ச்சலுக்கு அஞ்சிக் காடாய்க் கிடந்த நிலங்களிலே மக்கள் குடியேறத் துணிந்தனர். குளங்கள் புத்துயிர் பெற்றன.

1958-இல் மலேரியாவை அடியோடு ஒழிக்கும் திட்டம் தொடங்கிற்று. மருந்தடியுடன் இரத்தப் பரிசோதனையும் கைகோத்தது. காய்ச்சல் கண்டவரை வீடு தேடிச் சென்று விரலிற் குத்தி இரத்தம் எடுத்தனர். 1946-இல் 28 இலட்சம் எனப் பதிவான நோயாளர் தொகை, 1963-இல் 17 ஆகக் குறைந்தது. பதினேழு இலட்சமல்ல, பதினேழாயிரமல்ல, பதினேழே பேர்! உலகமே வியந்தது.

வியப்பின் மறுபக்கம் மறதி. பகைவன் போய்விட்டான் என்று எண்ணினோம். 1964-இல் மருந்தடி நிறுத்தப்பட்டது. கண்காணிப்பும் நாளடைவிலே தளர்ந்தது. இரத்தம் எடுத்தாலும், அதன் முடிவு வந்து நோயாளிக்கு மருந்து சேருமுன் காலம் கடந்தது. ஈரலில் உறங்கிய வைவாக்ஸ் ஒட்டுண்ணி விழித்தெழுந்தபோது அதனைக் காணக் கண்ணில்லை. மழை குறைந்தது, இரத்தினக் கல் தேடிக் காடுகளுக்குச் சென்றோர் நோயைச் சுமந்து ஊர் திரும்பினர். 1967 முதல் தீ மீண்டும் மூண்டது. 1969-இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். மீண்டும் டி.டி.ரி. தெளித்தனர், நுளம்போ அதனைத் தாங்கப் பழகிவிட்டது. 1977-இல் மலத்தியன் என்னும் வேறு மருந்துக்கு மாற வேண்டியதாயிற்று.

இவ்வரலாற்றை நுளம்புக்கும் மருந்துக்கும் நடந்த போராகவே பலரும் கூறுவர். அது பாதி உண்மை. மருந்து நுளம்பைக் கொல்லும். ஆனால் ஊரில் இன்னும் எத்தனை பேர் இரத்தத்திலே ஒட்டுண்ணி உண்டு என்பதை மருந்து சொல்லாது. அதனைச் சொல்ல வல்லது கண்ணாடித் தகடு ஒன்றே. பதினேழு என்ற எண் நமக்குக் கிடைத்ததே இரத்தம் பார்த்தமையால். அந்த எண்ணைக் கண்டு மகிழ்ந்து பார்ப்பதைத் தளர்த்தியமையே நமக்கு நேர்ந்த கேடு.

மீண்டும் பெற்ற வெற்றி

போர்க்கால ஆண்டுகளிலே வடக்கும் கிழக்கும் மலேரியாவின் பெருஞ்சுமையைத் தாங்கின. 1999-இல் நாடெங்கும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர் இருந்தனர். அதன் பின் மலேரியாத் தடை இயக்கம் தன் போர்முறையை மாற்றிக்கொண்டது. நுளம்பை மட்டுமன்றி ஒட்டுண்ணியையும் துரத்துவதே அப்புதிய முறை. நடமாடும் கிளினிக்குகள் காய்ச்சல் மிகுந்த ஊர்களுக்கே சென்று, இரத்தம் பார்த்து, அங்கேயே மருந்து கொடுத்தன. நோய் அறிகுறி இல்லாதோரையும் தேடிப் பரிசோதித்தன. மருந்தூட்டிய நுளம்பு வலைகள் வழங்கப்பட்டன. திருகோணமலை உள்ளிட்ட கிழக்கு மாவட்டங்களின் அரசாங்க வைத்தியசாலைகளிலே மலேரியா ஆய்வுகூடங்கள் திறக்கப்பட்டன. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நம் கரையைச் சூறையாடியபோது பெருங்காய்ச்சல் பரவும் என யாவரும் அஞ்சினர்; பரவவில்லை. 2006-இல் நோயாளர் தொகை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. 2012 அக்டோபரிலே, இந்நாட்டிலேயே தொற்றிய நோயாளர் வரிசையிற் கடைசி மனிதர் கண்டறியப்பட்டார்.

அடுத்து நிகழ்ந்ததே என் நெஞ்சைக் கவர்ந்தது. நோயாளர் இல்லாத பின்னரும் ஆண்டுதோறும் பத்து இலட்சம் அளவிலே இரத்தப் பூச்சுகள் பார்க்கப்பட்டன. 1963-இன் பாடம் வீண் போகவில்லை. 2016 செப்டெம்பர் 5-ஆம் நாள், உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. தென்கிழக்காசியப் பிராந்தியத்திலே மாலைதீவுக்கு அடுத்து இச்சிறப்பைப் பெற்ற நாடு நமதே. இரு நூற்றாண்டுகளாகப் படைவீரரும் அரசரும் வெல்ல முடியாதவனை, பெயர் தெரியாத பரிசோதகர்கள் வென்றனர். அவர்களுக்குச் சிலை எழுப்பியோர் இலர். நுணுக்குக்காட்டியின் முன் குனிந்து குனிந்து கழுத்து நோவுற்றதே அவர்கள் கண்ட பரிசு.

நம்முன் உள்ள கடமை

அன்பர்களே! வெற்றி என்பது காவலிலிருந்து விடுதலை அன்று. நோயைச் சுமக்கும் நுளம்பு நம் நாட்டை விட்டுப் போகவில்லை. நகரக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் வளரத்தக்க அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் புதிய நுளம்பு மன்னாரிலே கண்டறியப்பட்டதாக 2017-இல் அறிவிக்கப்பட்டது; பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. 2018 டிசம்பரில், வெளிநாட்டிலிருந்து நோயுடன் வந்த ஒருவரிடமிருந்து மொனராகலை மாவட்டத்திலே ஒருவருக்கு நோய் தொற்றியது. உடனே கண்டறியப்பட்டமையால் அது அத்துடன் நின்றது. பாராது விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதற்கு 1967 சான்று.

நம் இளைஞர் பலர் தொழில் தேடியும் கல்வி தேடியும் யாத்திரை கருதியும் பாரதத்துக்கும் ஆபிரிக்க நாடுகளுக்கும் சென்று வருகின்றனர். போகுமுன் தடுப்பு மருந்தை மலேரியாத் தடை இயக்கத்திடம் இலவசமாகப் பெறலாம். திரும்பிய பின் காய்ச்சல் கண்டால், அது மாதங்கள் கழிந்து வந்தாலும், சென்ற நாட்டின் பெயரை வைத்தியருக்குச் சொல்லி இரத்தம் பார்க்கும்படி கேட்டல் வேண்டும். மலேரியாவை ஒருமுறையேனும் கண்டிராத இளம் வைத்தியர்கள் இன்று பெருகிவிட்டனர். டெங்குவென்று எண்ணி மலேரியாவை விட்டுவிடுதல் எளிது. ஆகவே கேட்க வேண்டியவன் நோயாளியே.

இன்னொன்றும் சொல்லி முடிப்பேன். துளியிலே நோயைக் காணும் இக்கலை மலேரியாவுடன் நின்றுவிடவில்லை. இரவிலே இரத்தம் எடுத்து யானைக்கால் நோயின் நுண்புழுவைத் தேடினர். அந்நோயும் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையிலிருந்து நீங்கியதாக இலங்கை 2016-இலேயே சான்று பெற்றது. கிரேக்க நாட்டிற் பிறந்து அமெரிக்கா சென்ற பாப்பனிக்கலோ என்னும் வைத்தியர், பெண்களின் கருப்பைக் கழுத்திலிருந்து கசியும் நீர்மத்திலே மிதக்கும் கலங்களைப் பார்த்துப் புற்றுநோயை அறியலாம் என 1928-இல் அறிவித்தார். கேட்டவர்கள் பொருட்படுத்தவில்லை. அவருடைய மனைவியார் பல்லாண்டுகள் தாமே பரிசோதனைக்கு உட்பட்டு அவருக்குத் துணை நின்றார். 1941-இலும் 1943-இலும் அவர் வெளியிட்ட ஆராய்ச்சிகளின் பின்னரே உலகம் விழித்தது. புற்று முற்றுமுன், பல ஆண்டுகள் முன்னரே, கலத்தின் கரு பருத்து உருமாறுவதை அப்பரிசோதனை காட்டிவிடும். லவரான் இரத்தத்திற் செய்ததையே அவர் வேறொரு நீர்மத்திற் செய்தார் எனலாம்.

இலங்கையிலே 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகளில் இப்பரிசோதனை இலவசமாகச் செய்யப்பட்டு வருகிறது. 35 வயதை எட்டிய பெண்கள் நோய்க்குறி ஒன்றும் இல்லாதபோதே சென்று செய்துகொள்ள வேண்டியது இது. ஆயினும் நாணத்தாலும் அச்சத்தாலும் செல்லாதோர் பலர். நோய் வந்த பின் கோயில் கோயிலாக நேர்த்தி வைத்து அலைவதிலும், வருமுன் ஒரு காலை நேரத்தை ஒதுக்குதல் எத்துணை நன்று! இதனைத் தாய்மாருக்கும் தமக்கைமாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் படித்த பிள்ளைகளே. 2017 முதல் பாடசாலைச் சிறுமியருக்கு இந்நோயைத் தடுக்கும் ஊசியும் போடப்படுகிறது. அதற்குப் பெற்றோர் மறுப்புச் சொல்லாதிருக்கச் செய்வதும் ஒரு தொண்டே.

பெரியோர்களே! நீங்கள் காய்ச்சலிற் கிடந்து நடுங்கிய காலத்தை உங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்கள் அதனை அறியமாட்டார்கள். அறியாமை இங்கே ஒரு பேறு. அதுவே ஓர் ஆபத்தும் ஆகும். இளைஞர்களே! பகைவனை ஒரு முறை கண்டுபிடித்தோம், மறந்தோம், பெருவிலை கொடுத்து மீண்டும் கண்டுபிடித்தோம். மூன்றாம் முறை விலை கொடுக்கும் நிலை நமக்கு வேண்டாம். விரல் நுனியிலே ஓர் ஊசிக் குத்து; அவ்வளவுதான் இத்தீவைக் காக்க நம்மிடம் கேட்கப்படும் காணிக்கை.